முன் இருப்பு எழுதாத கணக்கு

தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்திவரும் அன்பர்கள் அனைவருக்கும், ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் வணக்கம் கூறி வரையும் மடல்.

உங்களுள் பலர் என்னிடம் படித்தவர்கள். ஒரு காலத்தில் கடைசிப் பலகையில் அமர்ந்து, வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு வாய்பாடு கேட்டால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இன்று என் கையில் இரப்பர்ப் பட்டையை இறுக்கிக் கட்டி, "எறும்பு கடிச்ச மாதிரிதான் ஐயா இருக்கும்" என்று தேற்றிவிட்டு ஊசியைச் செருகும்போது, பழைய பாக்கி ஒன்று வட்டியும் முதலுமாக வசூலாவதாகவே எனக்குத் தோன்றும். அந்த உரிமையைக் கொண்டுதான் இதை எழுதத் துணிந்தேன். வைத்திய சாஸ்திரம் நான் கற்றதன்று. ஆயினும் சென்ற ஒன்றரை ஆண்டுக் காலமாக ஒரே ஒரு பரிசோதனையைப் பற்றி, அகப்பட்ட மருத்துவர்களையெல்லாம் நச்சரித்துக் கேட்டறிந்திருக்கிறேன். பேத்தியின் பொருட்டு ஒரு கிழவன் கற்கும் பாடத்தில் கவனம் சிதறுவதற்கு இடமில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பிறக்கும்போதே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், சிறிய மாதுளம்பழம் அளவில் ஒரு கட்டியோடு பிறந்தாள். மதுரையில் குழந்தை அறுவை மருத்துவர்கள் அதனை டெரட்டோமா என்றும், பிறந்த சிசுக்களிடம் காணப்படும் கட்டிகளுள் இதுவே அதிகமென்றும், அப்படியும் ஏறத்தாழ 40,000 பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே நேர்வதென்றும், ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கே மிகுதியாக வருவதென்றும் விளக்கி, ஆறாம் நாள் அந்தக் கட்டியை வால் எலும்போடு சேர்த்தே அகற்றினார்கள். எலும்பை விட்டுவைத்தால் கட்டி திரும்பவும் தலைகாட்டக்கூடுமாம். திசுவைப் பரிசோதித்ததில் தீங்கற்ற வகை என்றே முடிவு வந்தது. ஆயினும் இவ்வகைக் கட்டி மறுபடி முளைக்குமாயின் அது புற்றாகவே முளைக்கவும் கூடுமாதலால், மூன்று வயது வரையில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆல்பா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதத்தை இரத்தத்தில் அளந்து வரவேண்டும் என்றும், அதற்கென்று ஒவ்வொரு முறையும் மதுரைக்கு வர வேண்டியதில்லை, ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் நம் பக்கத்துக் கூடம் ஒன்றுக்குக் குழந்தையை எடுத்துச் சென்றோம். அங்கிருந்த பெண்ணின் கைத்திறனைச் சொல்லாமல் மேலே செல்வது நன்றியன்று. நான்கு கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் 300 மில்லி லிட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கும்; அதில் இரண்டு மில்லியை, நூல் போன்ற நரம்பைத் தேடி, தாயின் கண்ணெதிரே எடுக்கவேண்டும். அந்தப் பெண் அவசரப்படவில்லை. குழந்தையின் புறங்கையைத் தன் இரு உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடேற்றி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, சிறகு வைத்த சின்ன ஊசியை ஒரே முறையில் இறக்கினாள். சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் ஒரு விரற்கடை ஏறிற்று. குழந்தை அழத் தொடங்கி, ஏன் அழுகிறோம் என்பதை மறப்பதற்குள் பஞ்சை வைத்து ஒட்டியாகிவிட்டது. குற்றம் நேர்ந்தது அங்கே அல்ல, அடுத்த மேசையில். பெயரும் பாலும் கேட்டு எழுதிக்கொண்ட பையன், வயது என்ற கட்டத்தில் நாள் கணக்கை ஏற்க அந்தக் கணினி மறுத்தபடியால், "ஒன்று" என்று போட்டுவிட்டான்.

மறுநாள் மாலை முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. 1,126. அதற்குப் பக்கத்துப் பத்தியில், ‘இயல்பு அளவு: 10-க்குள்’. போதாக்குறைக்கு எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, அதற்குக் காவல் நிற்பது போல் ‘ஹெச்’ என்ற ஆங்கில எழுத்து ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள். பத்து இருக்கவேண்டிய இடத்தில் ஆயிரத்து நூற்று இருபத்தாறு! அன்றிரவு என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகள் கைப்பேசியில் தேடத் தேட, ஒன்றைவிட ஒன்று பயங்கரமான பெயர்களாக வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து மணிக்கொருமுறை அழைத்தார். என் மனைவி கண்டதேவிக் கோயில் இருக்கும் திக்கை நோக்கிக் கும்பிட்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்தாள். குழந்தை மட்டும் வழக்கம்போல் பால் குடித்துவிட்டுத் தூங்கிற்று.

பொழுது விடிந்ததும் மதுரை மருத்துவரை அழைத்தேன். எண்ணைச் சொன்னேன். அவர் எண்ணுக்குப் பதில் சொல்லவில்லை, "பிள்ளைக்கு இன்னைக்கு எத்தனை நாள்?" என்றார். சொன்னேன். "போன தடவை எவ்வளவு இருந்துச்சு?" என்றார். அறுவைக்கு முந்திய நாள் எடுத்ததில் 62,000 என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். "அப்ப நல்லாத்தானே இறங்கியிருக்கு! இதுக்கா ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்தீங்க?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நண்பர்களே, அந்த இரண்டு கேள்விகளும் உங்கள் தாளில் எங்கும் இல்லை. இம்மடலில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒன்றுதான்.

இந்தப் புரதம் வியாதி படைத்த வஸ்துவன்று. தாயின் கருப்பையில் இருந்தபோது நம் ஒவ்வொருவர் இரத்தத்திலும் ஏராளமாக ஓடியது. கருவின் ஆரம்ப காலத்து உணவுப் பையும், பிறகு அதன் கல்லீரலும் இதைச் சுரக்கின்றன. மூன்று மாதக் கரு வாக்கில் உச்சத்தை எட்டி, அதன்பின் இறங்கத் தொடங்குகிறது. பிறந்த குழந்தையிடம் இது ஒரு மில்லி லிட்டருக்குச் சராசரி 48,000 நானோகிராம் அளவில் இருக்கும் என்றும், ஒரு மாதத்தில் 2,600-ஐயும் இரண்டு மாதத்தில் 300-ஐயும் ஒட்டி இறங்கி, மூன்றாம் மாதத்தில் நூறுக்குக் கீழே வந்து, எட்டாம் மாதம் ஆகும்போதுதான் பெரியவர்களுக்குரிய பத்துக்குள் அடங்கும் என்றும், 1981-ஆம் ஆண்டிலேயே வூ என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் அளந்து அட்டவணை வெளியிட்டிருக்கிறார்கள். இவையும் சராசரிகளே, குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் மிகப் பெரிது, குறைமாதத்தில் பிறந்த சிசுவிடம் லட்சத்தைத் தாண்டியும் இருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த அட்டவணை ஒன்று, நம் ஊர்த் தாளின் ஓரத்தில் இரண்டு அங்குல இடம் கிடைக்காமல் இன்னும் வெளியிலேயே நிற்கிறது.

கருவின் இரத்தத்தில் இப்படி ஒரு தனிப் புரதம் இருப்பதை 1956-இல் சுவீடன் நாட்டவரான பெர்க்ஸ்ட்ராண்டும் சாரும் கண்டார்கள். 1963-இல் மாஸ்கோவில் அபெலெவ் என்ற விஞ்ஞானி, கல்லீரலில் கட்டி வளர்ந்த எலிகளின் இரத்தத்தில் அதே புரதம் மறுபடி தோன்றுவதைக் கவனித்தார். அதற்கடுத்த ஆண்டே டாட்டரினோவ் என்பவர் கல்லீரல் புற்றுற்ற மனிதரிடமும் அதைக் கண்டறிந்தார். நம் பக்கத்துப் பெரிய வீடுகளைக் கட்டி முடித்துக் கொத்தனார்கள் கரணையும் மட்டப் பலகையுமாகப் போய்ப் பல காலமான பிறகு, ஒரு நாள் நள்ளிரவில் இரண்டாங்கட்டு இருட்டிலிருந்து கரணைச் சத்தம் கேட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான், வளர்ந்த குழந்தையின் இரத்தத்தில் இப்புரதம் திரும்ப ஏறுவது. ஆனால் பிறந்து நாற்பத்தைந்து நாளே ஆன வீட்டில் கொத்தனார் இன்னும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கள்வன் என்று கூவலாகாது.

என் தகப்பனார் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த காலத்திலேயே அவர் சொல்லிக்கொடுத்தது, ஏட்டைத் திறந்ததும் முதல் வரியில் முன் இருப்பு எழுதவேண்டும் என்பது. அதை எழுதாமல் அன்றைய வரவை மட்டும் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது கணக்காகாது, வெறும் செய்தியாகும் என்பார். குழந்தையின் இரத்தத்திலுள்ள இந்தப் புரதத்துக்கும் அதே நியாயந்தான். சுரக்கும் இடத்தை அறுத்து எடுத்துவிட்டால், இரத்தத்தில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். இளஞ்சிசுவின் கல்லீரல் தானும் சிறிது சுரந்துகொண்டிருப்பதால் அங்கே இறக்கம் போகப்போக மந்தமாகும். எனவே மருத்துவர் பார்ப்பது எண்ணின் பருமனை அன்று, அது இறங்கும் சரிவை. என் பேத்தியின் குறிப்பேட்டில் 62,000-க்குக் கீழே 1,126, மூன்றாம் மாதத்தில் 94, ஐந்தாம் மாதத்தில் 38, எட்டாம் மாதத்தில் 9 என்று படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒரு காலத்தில் மாணவர்களின் மதிப்பெண்களைக்கூட இவ்வளவு ஆவலோடு நான் குறித்ததில்லை. இந்த வரிசையில் எந்த ஒன்றைத் தனியே பிய்த்தெடுத்தாலும் அது பொய் சொல்லும். எட்டாவது மாதத்தில் 94 என்று வந்திருக்குமாயின், அது 1,126-ஐவிட எவ்வளவோ சிறிய எண்ணாயிருந்தும், அன்றைக்குத்தான் நாங்கள் உண்மையில் அஞ்சியிருக்கவேண்டும்.

எண் சிறிதாயிருப்பதனாலேயே ஆபத்து நீங்கிவிடாது என்பதற்கு இன்னொரு திருஷ்டாந்தம் உண்டு. ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்பது பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்லீரலில் வருகிற புற்றுக்கட்டி. பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்குமேல் இதில் இப்புரதம் ஏறிவிடும்; லட்சக்கணக்கில் ஏறுவதும் சாதாரணம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளைச் செலுத்தும்போது இலக்கம் இலக்கமாக அது உதிர்வதைக் கொண்டே மருந்து வேலை செய்கிறதென்று நிச்சயிக்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஓய்ந்த பிறகு மறுபடி ஏறத் தொடங்கினால், படத்தில் கட்டி புலப்படுமுன்பே இரத்தம் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் அந்நோயிலேயே ஒரு சிறு தொகைக் குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் இப்புரதம் நூறுக்குக் கீழேயே இருக்கும். அவர்களுடைய நோய்தான் அடங்காத வகையைச் சேர்ந்தது என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்.

இங்கே உங்கள் தொழில் நுட்பம் ஒன்றும் குறுக்கிடுகிறது. இதை உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் என்றாலும் சொல்கிறேன். புரதத்தின் இரு பக்கமும் இரண்டு எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்ள, நடுவே அது அகப்படுவதைக் கொண்டு அளக்கும் முறையில், புரதம் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் பற்றும் கைகளெல்லாம் தனித்தனியே நிரம்பிவிட, இரண்டும் சேர்ந்து பிடிக்க இயலாமற்போய், லட்சம் இருக்கும் இடத்தில் இயந்திரம் சில நூறு என்று காட்டிவிடக்கூடும். சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். குழந்தையின் வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி இருக்கிறதென்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்து, வரும் எண் மட்டும் சாதுவாக இருந்தால், நீர்க்கச் செய்து ஒருமுறை பார்க்கும்படி, நீங்கள் இரத்தத்தை அனுப்பிவைக்கும் வெளியூர்க் கூடத்துக்கு ஒரு வரி எழுதலாம். இத்தகைய இயந்திரங்களுள் ஒருவகை, மின்சாரத்தால் இரசாயன மாற்றத்தைத் தூண்டி ஒளியை எழுப்பி அளக்கிறதென்று கேள்விப்பட்டபோது, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் ஈந்ததனால் காரைக்குடிக்கு வந்து, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. அந்நிறுவனத்துக்கும் இந்த இயந்திரத்துக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்லவில்லை. கிழவர்களுக்கு எந்தப் பேச்சும் சொந்த ஊரில் வந்துதான் முடிகிறது.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கூடம் நானோகிராமில் எழுதுகிறது, இன்னொன்று சர்வதேச அலகில் எழுதுகிறது. ஒரு சர்வதேச அலகு என்பது 1.21 நானோகிராம். இதை அறியாத தாய், போன மாதம் ஓரிடத்திலும் இந்த மாதம் வேறிடத்திலும் எடுத்த இரண்டு தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஏறாததை ஏறியதாக எண்ணிக் கண்ணீர் விடுவாள். கூடம் மாறினால் கருவியும் மாறும், கருவி மாறினால் எண்ணும் சற்று மாறும்; ஆகையால் முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்லவேண்டியவர்கள் நீங்களே. வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் தந்திரம் என்று யாரேனும் பழித்தால் பழிக்கட்டும்.

அண்மையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் பார்த்து மனம் நொந்தேன். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் ‘புற்றுநோய் முன்னறி பரிசோதனை’ செய்து தருவதாக அதில் கண்டிருந்தது. எவருடையது என்பது இங்கு வேண்டாம். ஆனால் ஜப்பான் தேசத்தில் நடந்ததை அவர்களும் நீங்களும் அறியவேண்டும். நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்று, சிறுநீரில் சில இரசாயனங்களை மிகுதியாகக் கழிக்கும். இதைக் கொண்டு நோயை முன்னரே பிடித்துவிடலாம் என்று கருதி, 1970-களில் கியோட்டோ நகரில் தொடங்கி, 1980-களின் நடுவில் நாடு முழுவதிலும் ஆறு மாதக் குழந்தைகள் அனைவரின் சிறுநீரையும் வடிதாளில் நனைத்துத் தபாலில் தருவித்துச் சோதித்தார்கள். நோயுற்றவர் என்று கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் தொகை இரட்டித்தது. ஆனால் அப்படிக் கண்டுபிடித்த கட்டிகளுள் பல, தாமே கரைந்து மறைந்துவிடக்கூடியவை என்பது பின்னரே விளங்கிற்று. தேவையற்ற அறுவைக்கும் மருந்துக்கும் பச்சிளங் குழந்தைகள் ஆளானார்கள். ஜெர்மனியிலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் நடந்த ஆராய்ச்சிகள், இப்படிச் சலித்தெடுப்பதால் சாவு குறைவதில்லை என்று 2002-இல் வெளிப்படுத்த, 2004-இல் ஜப்பான் அத்திட்டத்தைக் கைவிட்டது. நல்லெண்ணமும் நேர்த்தியும் நிறைந்த ஒரு தேசத்துக்கே நேர்ந்த கதை இது. கைத்துண்டுப் பிரசுரத்தின் கதை எம்மட்டு?

அன்றியும், குழந்தைகளுக்கு வரும் புற்றுகளுள் பெரும்பாலானவற்றுக்கு இரத்தத்தில் இப்படி ஓர் அடையாளப் பொருளே இல்லை. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியைக் குளிப்பாட்டும் தாயின் கையே முதலில் கண்டுபிடிக்கிறது. கண்ணின் உட்திரையில் வரும் கட்டி, பிறந்தநாள் புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக மின்னுவதால் வெளியாகிறது. இரத்தப் புற்றுக்கோ, நீங்கள் நாள்தோறும் செய்கிற சாதாரண அணு எண்ணிக்கையும் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பதுமே வாயிலைத் திறக்கின்றன. வெளுத்துப்போய், காரணமின்றிக் கன்றல் விழுந்த உடம்போடு வரும் பிள்ளையின் சில்லை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்க்கும் உங்கள் கண், எந்தச் சலுகைத் தொகுப்பைவிடவும் உயர்ந்தது.

நம் பக்கத்துக் குழந்தைகள் பலர் காரைக்குடியில் இரவு வண்டி ஏறிச் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுப்பிய ஸ்தாபனம் அது. 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கி, 1960-இலேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு கண்டது. புற்றுநோய் மருத்துவர் சாந்தா அங்கே ஆயுள் முழுவதையும் கழித்தார். அங்கேயோ மதுரையிலோ மேசைக்கு அந்தப் புறம் அமர்ந்திருக்கும் மருத்துவரிடம் நம் பெண்கள் நெகிழிப் பையிலிருந்து எடுத்து நீட்டுவது உங்கள் தாளைத்தான். அதில் இரத்தம் எடுத்த தேதி இல்லாமலும், அளந்த முறை இல்லாமலும், நாற்பத்தைந்து நாள் சிசு ஒரு வயதுக் குழந்தையாகவும் இருந்தால், அவர் மறுபடி ஊசி போடச் சொல்வதைத் தவிர வேறென்ன செய்வார்?

எனவே, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயதை நாளிலோ மாதத்திலோ பதியும் வகையில் அந்தக் கணினியைத் திருத்தச் சொல்லுங்கள். முடியாதென்றால் பேனாவால் எழுதுங்கள். குறைமாதப் பிரசவமா என்று கேட்டுக் குறியுங்கள். பெரியவர்களுக்குரிய ‘பத்துக்குள்’ என்பதைச் சிசுவின் தாளிலிருந்து எடுத்துவிட்டு மாதவாரியான அட்டவணையை இடுங்கள். உங்களிடம் முன்னர் எடுத்திருந்தால் அந்த எண்ணையும் தேதியையும் பக்கத்தில் அச்சிடுங்கள். பால் குடிக்கும் பிள்ளையை வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தையும் விடுங்கள். இந்தப் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை, பசித்த குழந்தையின் நரம்பும் அகப்படாது. எண் எதுவாயினும், இருட்டிய பிறகு தாயின் கைப்பேசிக்கு அனுப்புமுன் மருத்துவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இவற்றுள் எதற்கும் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிற இடத்தில் இந்தச் சிரத்தைக்கென்று தனியே ஏதும் கேட்பீர்களாயின், அதையும் கொடுக்க நான் சித்தமாயிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். என்னிடம் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

வருகிற வியாழக்கிழமை பேத்திக்கு அடுத்த முறை. இப்போது ஓடத் தெரிந்துவிட்டபடியால், ஊசி வைத்திருக்கும் பெண்ணை வாசற்படியிலேயே அடையாளம் கண்டு என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். குறிப்பேட்டை நானே எடுத்து வருகிறேன். முன் இருப்பு அதில் இருக்கிறது. எட்டரை மணிக்கு மேல் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும், ஆதலால் அன்றைக்கு மட்டும் கதவைச் சற்று முன்னதாகத் திறந்து வைத்தால் பெரிய உபகாரமாயிருக்கும்.

தேவகோட்டை
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்